குறைந்த செலவில் மினியேச்சர் பெயின்டிங்: முதல் ஐந்து உருவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மினியேச்சர் பெயின்டிங்கில், அதாவது மேசை விளையாட்டுகளில் வரும் சின்ன உருவங்களுக்கு நிறம் பூசும் பொழுதுபோக்கில், புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட் டப்பாக்களில்தான் காசைக் கரைக்கிறார்கள். அறுபது நிறம் கொண்ட பெட்டியைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதில் நாற்பது நிறம் திறக்கப்படாமலே காய்ந்துபோகும். உருவம் நன்றாக வருவதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: நுனி கூடி நிற்கும் ஒரு பிரஷ், பெயின்டுக்கு அடியில் பூசும், ஒழுங்காகப் பிடிக்கும் ப்ரைமர், கண்ணைக் கூச வைக்காத நல்ல வெளிச்சம். இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மீதி எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே மாற்று உண்டு.

எந்த உருவத்தில் தொடங்குவது

மேசை விளையாட்டு உருவங்கள் பெரும்பாலும் 28 அல்லது 32 மி.மீ. அளவில் வருகின்றன. இந்த எண் பொதுவாகப் பாதத்திலிருந்து கண் மட்டம் வரையான உயரத்தைக் குறிக்கும். 1/72 அளவு உருவம் இன்னும் சிறியது: 175 செ.மீ. உயர மனிதன் அதில் சுமார் 24 மி.மீ. வருவான். ஒரே பெட்டியில் நிறைய உருவங்கள் கிடைப்பதால் 1/72 மலிவு. ஆனால் அந்த மென்மையான பிளாஸ்டிக்கில் பெயின்ட் எளிதில் ஒட்டாது, வளைத்தால் உரிந்து வரும். முதல் பழக்கத்துக்கு 28 மி.மீ. அளவே வசதி.

செலவே இல்லாத வழியும் உண்டு. பழைய போர்டு கேம் பெட்டிகளில் நிறமில்லாமல் கிடக்கும் காய்கள், பொம்மைச் சிப்பாய்கள், பிறர் பாதி பெயின்ட் அடித்து விற்றுவிட்ட உருவங்கள் எல்லாமே பயிற்சிக்குப் போதும். விலை உயர்ந்த உருவத்தை முதலில் எடுத்தால் கை நடுங்கும், கெட்டுவிடுமோ என்ற பயமே கெடுத்துவிடும். ஒரே மாதிரியான ஐந்து உருவங்களை எடுத்துக்கொண்டு, ஐந்துக்கும் ஒரே நிறத் திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் உருவத்தையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்துகொண்டுதான் பசை வாங்க வேண்டும். கெட்டியான பாலிஸ்டைரீனுக்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது இரு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக உருக்கிவிடும், அதனால் இணைப்பு உடையாது. உலோகம், ரெசின், வளையும் பிவிசி ஆகியவற்றில் அந்தச் சிமென்ட் வேலை செய்யாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூதான்.

பிரஷ்: எண்ணை நம்பாதீர்கள்

சின்ன உருவம் என்பதால் 000 எண் பிரஷ் வேண்டும் என்று நினைப்பது பெரிய தவறு. அதன் முடிக்கற்றை எடுக்கும் பெயின்ட் மிகக் குறைவு. உருவத்தைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும், கோடு விட்டுவிட்டு விழும். வயிறு பருத்து, நுனி ஊசிபோலக் கூடும் உருண்டை பிரஷ்தான் வேண்டும். எண் 2 ஒன்றும் எண் 1 ஒன்றும் போதும். கண், கொக்கி போன்ற நுணுக்கங்களுக்கும் எண் 1-இன் நுனி தாராளமாக வரும்.

கொலின்ஸ்கி சேபிள் முடி பிரஷ் அருமையானதுதான், ஆனால் பராமரிக்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள். முதல் சில மாதங்களுக்கு செயற்கை முடி போதும். அதன் குறை, சில வாரங்களில் நுனி ஒருபக்கம் கொக்கிபோல வளைவது. நுனியைச் சுடுநீரில் சில விநாடி முக்கி, விரலால் கூட்டிவிட்டால் ஓரளவு நேராகும். முழுக்க வளைந்துபோனால் தூக்கிப்போட வேண்டாம். வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த கருநிறம்) பூசவும், பசை தடவவும், பெயின்ட் கலக்கவும் அதுவே போதும்.

பிரஷ் சாவதற்கு முக்கியக் காரணம், முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலுக்குள் பெயின்ட் ஏறி அங்கே காய்வது. காய்ந்த பெயின்ட் முடியை உள்ளிருந்து விரிக்கும், நுனி இரண்டாகப் பிளக்கும். எனவே முடியின் பாதி நீளத்துக்கு மேல் பெயின்டில் முக்காதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நீரில் அலசுங்கள். நீர்க் குவளையில் நுனி கீழே படும்படி நிற்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவி, நுனியைக் கூட்டிப் படுக்க வைத்து உலர விடுங்கள். நுனியை நாக்கால் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பதால் அதைத் தொடங்காமலே இருப்பது நல்லது.

இவற்றோடு, உலர் பூச்சுக்கு, அதாவது பெயின்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் வருடும் முறைக்கு, முடி அடர்ந்த வட்டமான மேக்கப் பிரஷ் ஒன்று. இந்த வேலைக்கென்றே விற்கும் பிரஷ்ஷைவிட இது மலிவு, வேலையும் மென்மையாகச் செய்யும்.

ஏழு பெயின்ட் போதும்

மாடல் பெயின்டில் நிறமி மிக நுண்ணியதாக அரைக்கப்பட்டிருக்கும், மெல்லிய பூச்சிலேயே மூடும். கைவினை வேலைக்கு விற்கும் மலிவு அக்ரிலிக்கில் நிறமி குறைவு, நிரப்பிப் பொருள் அதிகம். நீர் கலந்தால் திட்டுத்திட்டாகும், சுண்ணாம்பு பூசியதுபோலக் காயும். அதை உருவம் நிற்கும் தளத்துக்கும் அதில் ஒட்டும் மணலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஓவியர்கள் பயன்படுத்தும் ட்யூப் அக்ரிலிக் நல்ல நடுவழி. கெட்டியாக இருப்பதால் கலக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் ஒரு ட்யூப் ஆண்டுக்கணக்கில் வரும். ட்யூப்பின் பின்னால் நிறமிக் குறியீடு இருக்கும். ஒரே ஒரு குறியீடு உள்ளதை எடுத்தால் கலவை அழுக்காகாது.

வாங்க வேண்டியவை: டைட்டானியம் வெள்ளை, கறுப்பு, அல்ட்ராமரைன் நீலம், ஒரு சூடான சிவப்பு, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் அம்பர் பழுப்பு, ஒரு வெள்ளி உலோக நிறம். வெள்ளியை மட்டும் மாடல் பெயின்டாக வாங்குங்கள். மலிவு உலோக நிறத்தில் மினுக்குத் துகள் பெரிதாக இருக்கும், வாள் ஜரிகை ஒட்டியதுபோலத் தெரியும்.

இந்த ஏழிலிருந்து கிடைப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஓக்கரும் கறுப்பும் சேர்ந்தால் ராணுவ ஆலிவ் பச்சை. ஓக்கரும் அம்பரும் தோல் வார். நீலமும் அம்பரும் சமமாகக் கலந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும், கறுப்பு டப்பாவைவிட நிழலுக்கு இதுவே அழகு. சருமத்துக்கு ஓக்கர், வெள்ளை, துளி சிவப்பு. கருத்த சருமத்துக்கு அம்பரை அடிப்படையாக வைத்து ஓக்கரும் சிவப்பும் சேருங்கள். கலந்த விகிதத்தைச் சொட்டுக் கணக்கில் ஒரு தாளில் குறித்து, பக்கத்திலேயே ஒரு தீற்றல் இட்டு வையுங்கள். மறுநாள் அதே நிறத்தைப் பிடிக்க வேறு வழி இல்லை.

வெட் பேலட்: பத்து நிமிட வேலை

அக்ரிலிக் காய்ந்துவிடும் என்பதே தொடக்கக்காரரின் பாதித் தொல்லை. அதற்கு ஈரப் பலகை, அதாவது வெட் பேலட். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

1. மூடி இறுகும், 2 முதல் 3 செ.மீ. ஆழமுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள்.
2. அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றை வெட்டிப் போடுங்கள். இல்லையென்றால் சமையலறை டிஷ்யூவை ஏழெட்டு மடிப்பாக வைக்கலாம்.
3. ஸ்பாஞ்ச் நிறையும் அளவு நீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டக் கூடாது. விரலால் அழுத்தினால் நீர் எட்டிப்பார்க்க வேண்டும், எடுத்தால் மறைய வேண்டும்.
4. பேக்கிங் பார்ச்மென்ட் தாளை அளவாக வெட்டி, சுடுநீரில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவைத்து, மேலே விரித்து, அடியில் உள்ள காற்றுக் குமிழிகளைத் தடவி வெளியேற்றுங்கள்.

மெழுகுத் தாள் உதவாது. நீர் அதைத் தாண்டி மேலே வராது. பெயின்ட் தானாக நீர்த்து ஓடினால் ஈரம் அதிகம், கொஞ்சம் வடியுங்கள். ஓரம் காய்ந்தால் ஈரம் குறைவு. மூடிவைத்தால் பெயின்ட் ஒன்றிரண்டு நாள் தாங்கும். வாரக்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடித்து நாறும், எனவே நீரையும் தாளையும் மாற்றிக்கொண்டே இருங்கள். உலோக நிறத்தை மட்டும் இதில் வைக்காதீர்கள். துகள் பிரிந்து மற்ற நிறங்களில் கலந்துவிடும். அதற்கு ஒரு சாதாரண பீங்கான் ஓடு போதும்.

உருவத்தைத் தயார் செய்தல்

இது யாருக்கும் பிடிக்காத கட்டம். ஆனால் இங்கே சோம்பினால் பிறகு எந்தத் திறமையும் காப்பாற்றாது.

பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது உருவத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், பிளாஸ்டிக் வெளிறிப் பிய்ந்துவரும். ஒரு மி.மீ. தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் செதுக்குங்கள். அடுத்தது அச்சுக்கோடு: அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் உருவத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய மேடு. நிறம் பூசாதபோது அது தெரியாது. வாஷும் உலர் பூச்சும் பட்டதும் வடு மாதிரி எழுந்து நிற்கும். கிராஃப்ட் கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டுங்கள், கூர்ப்பக்கத்தால் வெட்ட வேண்டாம். தோள், தொப்பி, கால்சட்டையின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தப்பியவை அகப்படும். நகம் தேய்க்கும் அரம் வளைந்த பரப்புக்கு நன்றாக வரும்.

பிவிசி உருவத்தின் ஈட்டியோ வாளோ வளைந்திருந்தால், கொதிக்க வைத்து இறக்கிய நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். அப்படியே நிற்கும். விரலைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு இடுக்கி வேண்டும்.

கடைசியாக, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி முழுவதும் உலரவிடுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் எண்ணெய்ப்பசை, குறிப்பாக ரெசினில், மிச்சமிருக்கும். அதன்மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசமும் அணியுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

உருவத்தைக் கையால் பிடித்துக்கொண்டு பூசினால் விரல் எண்ணெய் படும், விளிம்பில் பெயின்ட் தேயும். பழைய பாட்டில் மூடியிலோ தக்கையிலோ, போஸ்டர் ஒட்டும் புட்டி ஓர் உருண்டை வைத்து உருவத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ப்ரைமர்

அக்ரிலிக் பெயின்ட் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். ப்ரைமர் அதற்குப் பிடிமானம் தருகிறது.

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். இது மிகையல்ல, அடியில் படிந்த நிறமி எழும்ப அவ்வளவு நேரம் ஆகும். 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி, உருவத்தைக் கடந்து, வெளியே சென்று நிறுத்துங்கள். உருவத்தின்மேலேயே அழுத்தத் தொடங்கினால் முதல் துப்பல் அங்கே திட்டாக விழும். ஒரே பூச்சில் மூட நினைக்காமல், இரண்டு மூன்று தூவல்களாக, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். திறந்த வெளியில், முகக்கவசத்தோடு.

பரப்பு உப்புத்தாள்போலச் சொரசொரத்தால், துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து வந்து ஒட்டியிருக்கின்றன. தூரம் அதிகம் அல்லது வெயில் அதிகம். வெண்புகை படிந்தது போலிருந்தால் காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் ஸ்ப்ரேயைத் தொடாமலிருப்பது மேல். நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகவில்லையென்றால், பிவிசியில் உள்ள இளக்கிப் பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வளையும் பிவிசிக்கு பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பாலியூரிதேன் ப்ரைமர்தான் பாதுகாப்பு. அதை மெல்லியதாக இரண்டு முறை பூசி ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

வாகனங்களுக்கான மேட் (பளபளப்பில்லாத) ப்ரைமர் ஸ்ப்ரே மலிவு. சிலவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீனை உருக்கிவிடும் என்பதால், முதலில் வெட்டியெறிந்த சட்டத் துண்டில் அடித்து மறுநாள் பாருங்கள்.

எந்த நிறம்? கறுப்பு ப்ரைமர் தவறிய இடங்களை நிழலாக்கி மறைக்கும், ஆனால் மேலே வரும் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கும். வெள்ளையில் நிறம் பளிச்சிடும், தவறும் பளிச்சிடும். சாம்பல் நிறம் தொடக்கத்துக்கு நல்லது. இன்னொரு வழியும் உண்டு: கறுப்பு பூசி, அதன்மேல் மேக்கப் பிரஷ்ஷால் சாம்பலும், பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளையும் உலர் பூச்சாகத் தடவுங்கள். ஒளியும் நிழலும் பெயின்டுக்கு முன்பே அமைந்துவிடும். அதன்மேல் ஊடுருவித் தெரியும் மெல்லிய நிறத்தை ஒருமுறை பூசினாலே போதும். மேசை விளையாட்டு உருவங்கள் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-இல் கான்ட்ராஸ்ட் பெயின்டுகளைக் கொண்டுவந்த பிறகு இந்த வேக முறை பரவலானது. அதே விளைவை சாதாரணப் பெயின்ட் ஒரு சொட்டு, மேட் மீடியம் (நிறமி இல்லாத அக்ரிலிக் பிசின்) இரண்டு மூன்று சொட்டு, கொஞ்சம் நீர் சேர்த்து ஓரளவு பெறலாம்.

அடிப்பூச்சு: நீர்ப்பதம்தான் வித்தை

டப்பாவிலிருந்து எடுத்ததை அப்படியே பூசினால் முகத்தின் மூக்கும் உதடும் புதைந்துபோகும். மாடல் பெயின்டுக்கு இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நீரில் தொடங்குங்கள். ட்யூப் அக்ரிலிக்குக்கு சமபங்கு வரை போகும். விகிதத்தைவிட நம்பகமான சோதனை கட்டைவிரல் நகத்தில்: ஒரு கோடு இழுங்கள். பிரஷ் முடியின் தடம் வரிவரியாக நின்றால் கெட்டி. கோடு நிற்காமல் நகத்தின் ஓரத்துக்கு ஓடினால் அதிக நீர். விளிம்பு கலையாமல், தடமும் இல்லாமல் படிந்தால் அதுதான் பதம்.

பிரஷ்ஷை நனைத்து, பெயின்ட் எடுத்து, டிஷ்யூவில் ஒருமுறை தொட்டுவிட்டுப் பூசுங்கள். இந்தத் தொடுதலை விட்டுவிடுவதால்தான் பெயின்ட் பள்ளங்களில் வெள்ளமாக ஓடுகிறது. முதல் பூச்சு திட்டும் தேமலுமாகவே தெரியும். பதறாமல் பத்து நிமிடம் காயவிட்டு இரண்டாவது பூசுங்கள். பாதி காய்ந்த பெயின்டின்மேல் மீண்டும் தேய்த்தால் அடிப்படலம் சுருண்டு கிழியும்.

உள்ளிருந்து வெளியே என்பது வரிசை: முதலில் சருமம், பிறகு உள்ளாடை, சட்டை, மேலங்கி, வார்கள், கடைசியில் ஆயுதம். எட்டாத இடத்தை முதலில் முடித்தால் வழியில் பட்ட தவறுகளை அடுத்த அடுக்கு மூடிவிடும். மஞ்சளும் சிவப்பும் எளிதில் மூடாது. மஞ்சளுக்கு அடியில் ஓக்கர், சிவப்புக்கு அடியில் பழுப்பு கலந்த சிவப்பு பூசிவைத்தால் நான்கு பூச்சு இரண்டாகும்.

வாஷ்

பள்ளத்தில் ஓடித் தங்கும் நீர்த்த கருநிறம்தான் வாஷ். இதையும் நீங்களே கலக்கலாம்: பெயின்ட் ஒரு சொட்டு, மேட் மீடியம் நான்கு சொட்டு, நீர் ஐந்து சொட்டு. நீலமும் அம்பரும் சேர்ந்த கருமை இதற்குப் பொருத்தம். மீடியம் இல்லாமல் வெறும் நீர் சேர்த்தால் நிறமியைப் பிடித்துவைக்கும் பிசின் போதாமல் போகும். காய்ந்ததும் கறை வளையம் வளையமாக நிற்கும். 100 மி.லி. நீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து அந்த நீரைப் பயன்படுத்தினால் பள்ளத்துக்குள் எளிதாக இறங்கும். சோப்பு கூடினால் நுரை கட்டும்.

உருவம் முழுக்க ஊற்றிவிடாதீர்கள். ஒரு பகுதி பூசி, தேங்கிய இடத்தை ஈரமான பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அரை மணியாவது தொடாமல் விடுங்கள். பாதி காய்ந்ததைத் திருத்தப் போனால்தான் கறை விழும்.

ஒளி ஏற்றுதல்

வாஷ் காய்ந்ததும் எல்லாம் இருண்டிருக்கும். அடிப்பூச்சு நிறத்தையே பள்ளம் தவிர்த்து மேடுகளில் மீண்டும் பூசுங்கள். பிறகு அதில் கொஞ்சம் வெளிறிய நிறம் கலந்து, மேலே பார்த்திருக்கும் மடிப்புகளில் மட்டும். சிவப்பை வெள்ளையால் வெளுத்தால் ரோஜா நிறமாகும். ஓக்கர் கலந்த வெள்ளையால் வெளுங்கள். கறுப்புத் துணிக்கு நீலம் கலந்த சாம்பல்.

ரோமம், சங்கிலிக் கவசம், கல், மரம் ஆகியவற்றுக்கு உலர் பூச்சு. பெயின்டை நீர் சேர்க்காமல் எடுத்து, டிஷ்யூவில் கிட்டத்தட்ட ஒன்றும் ஒட்டாத அளவு துடைத்து, மேடுகளின்மேல் வட்டமாகத் தடவுங்கள். பொடி படிந்ததுபோலச் சொரசொரப்பாக வந்தால் பிரஷ் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. ஈரமான ஸ்பாஞ்சில் ஒருமுறை தொட்டால் சரியாகும். சமதளமான துணியில் இதைச் செய்யாதீர்கள், தேய்த்த தடம் தெரியும்.

உலோகத்துக்குச் சுருக்க வழி: கறுப்பு, அதன்மேல் வெள்ளி, அதன்மேல் கருமை வாஷ், காய்ந்ததும் விளிம்பில் மட்டும் மீண்டும் வெள்ளி. விளிம்பில் பிரஷ்ஷின் நுனியால் கோடு இழுக்க வேண்டாம், முடியின் பக்கவாட்டால் விளிம்பை வருடுங்கள். கை நடுங்கினாலும் கோடு நேராக வரும்.

கண் பற்றி ஒரு வார்த்தை. கை எட்டு தூரத்தில் 28 மி.மீ. உருவத்தின் கண் வெறும் நிழலாகத்தான் தெரியும். கண்குழியில் வாஷ் மட்டும் விட்டுவிடுவது குற்றமில்லை. முட்டை விழி வீரனைவிட அது எவ்வளவோ மேல். வரைந்தே தீர வேண்டுமென்றால் சருமத்துக்கு முன்பே வரையுங்கள்: குழியில் கரும்பழுப்பு, அதில் சாம்பல் கலந்த வெள்ளைக் கோடு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு. புள்ளி வைத்தால் திகைத்த பார்வை வரும். பிசகினால் சரும நிறத்தால் ஓரத்தை வெட்டிச் சரிசெய்யலாம்.

தளமும் வார்னிஷும்

தளத்தை ஒழுங்காக முடித்தால் சுமாரான உருவமும் தேறிவிடும். வெள்ளைப் பசையைத் தடவி, சலித்த மணலில் முக்கி, மறுநாள் உதிர்ந்ததைத் தட்டிவிடுங்கள். பசையும் நீரும் சமபங்கு கலந்து மேலே ஒருமுறை விட்டால் மணல் இறுகும். அம்பர் பூசி, ஓக்கரால் உலர் பூச்சு, பிறகு ஓக்கரும் வெள்ளையும். தளத்தின் விளிம்பை ஒரே நிறத்தில் சுத்தமாக வளைத்துவிடுங்கள். கெட்டுப்போன பிரஷ்ஷின் முடியை வெட்டி நட்டால் உலர்ந்த புல்.

கையில் எடுத்து விளையாடும் உருவம் என்றால் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் மேட். பளபளப்பு உறுதி தரும், மேட் ஒளிர்வை அடக்கும். பிரஷ்ஷால் பூசும் வார்னிஷை வேகமாகக் குலுக்கினால் நுரை பூசப்பட்டுக் குமிழியாகக் காயும், மெல்லக் கலக்குங்கள். ஸ்ப்ரே மேட் வார்னிஷ் வெண்பனி படர்ந்ததுபோலானால் ஈரப்பதம் காரணமாக இருக்கும், அல்லது டப்பா குலுக்கப்படவில்லை. அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள், பல நேரம் நிறம் மீண்டுவிடும்.

எல்லாம் சொதப்பினால்

உருவத்தை எறிய வேண்டாம். பாலிஸ்டைரீனும் உலோகமும் என்றால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில், மூடி உள்ள கண்ணாடி ஜாடியில், சில மணி நேரம் ஊறவைத்துப் பல் துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் வழன்று வரும். நெருப்பை அண்டவிடாமல், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். ரெசினை நீண்ட நேரம் ஊறவிட்டால் மென்மையாகி உடையும், ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். அசிட்டோனை உலோக உருவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கை அது கூழாக்கிவிடும். சூப்பர் க்ளூ இணைப்புகள் இதில் விட்டுப்போகலாம். கழன்ற கையையும் தலையையும் ஒரு சல்லடையில் பிடித்துக் கழுவினால் நீர்த்தாரையோடு போகாது.